நிறம் ஊத்தை இல்லை

கலியாண வீட்டுக்கு மூன்று நாள் இருக்க, எங்கட வயதுப் பெடியள் பெட்டையள் கனபேர் செய்கிற வேலை ஒன்று இருக்கு. சீனியோடு தேசிக்காய்ப் புளியைக் கலந்து முகத்தை உரஞ்சுவது. உரஞ்சினால் எரியும். “ஊத்தை போகுது, எரியத்தானே செய்யும்” என்று பக்கத்தில் யாராவது சொல்லுவினம். அந்த ‘ஊத்தை’ என்ற சொல்லில்தான் எங்களுக்குப் பிரச்சினை.

உரஞ்சும்போது கழன்று போவது தோலின் மேலே கிடக்கிற இறந்த கலங்கள். நாங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தோல் அவற்றைத் தானே உதிர்த்துவிடும். நிறத்தைத் தருகிற மெலனின் உருவாவதோ மேற்தோலின் அடித்தட்டில். சீனி அங்கே போய்ச் சேராது. சேர வேணுமென்றால் முகம் புண்ணாக வேணும். அதைவிட, மாநிறத் தோலும் கறுத்த தோலும் எரிச்சல் பட்டால் கூடுதலாக மெலனினைச் சுரக்கும். அந்தக் கறுப்பு அடையாளம் மறைய மாதக்கணக்காகும். வெள்ளையாக வேணும் என்று உரஞ்சியவர் இன்னும் கறுக்கிறார், கறுத்ததைப் பார்த்து இன்னும் அழுத்தி உரஞ்சுகிறார். வெள்ளையாக்கும் கிறீம் விற்கிறவருக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்?

தேசிக்காய் இயற்கை தானே என்று கேட்கலாம். அதன் பி.எச். அளவு 2 மட்டில். தோலினுடையது 5 மட்டில். கணக்குப் பார்த்தால் ஆயிரம் மடங்கு அமிலம். புளி பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளம் போடக்கூடும்.

உரஞ்சவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எண்ணெய் வழிகிற, கரும்புள்ளி உள்ள முகத்துக்கு 2 வீதத்துக்கு மேற்படாத சலிசிலிக் அமிலம் உதவும். வறண்ட முகத்துக்கு வீரியம் குறைந்த லக்ரிக் அமிலம். கிழமைக்கு ஒருக்கா, இரவில். தோல் தாங்கினால் இரண்டு தரம், அவ்வளவுதான். முதலில் தாடைக்குக் கீழே கொஞ்சம் பூசிப் பாருங்கோ. சலிசிலிக் அமிலத்துக்கு அஸ்பிரின் ஒவ்வாதவர்கள் கிட்டப் போகவேண்டாம். பருவுக்கு வைத்தியர் அடாபலினோ ரெற்றினோயினோ தந்திருந்தால் அவரைக் கேட்காமல் இதைத் தொடவேண்டாம். சவரம் செய்கிற பெடியள் கவனியுங்கோ, சவர அலகே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அதே நாளில் ஸ்க்ரப் தேவையில்லை. லக்ரிக் போன்ற அமிலங்கள் பாவிக்கும் காலத்திலும், நிறுத்தி ஒரு கிழமை வரைக்கும், தோல் வெயிலுக்கு இலகுவில் கருகும். சன்ஸ்கிறீன் பூசாமல் பன்னிரண்டு மணி வெயிலில் சைக்கிள் மிதிக்கிறவர் இந்தப் பக்கமே வராமல் இருப்பது நல்லம்.

வெளிநாட்டு வீடியோக்களில் “முகம் சிவந்தால் நிறுத்துங்கள்” என்பார்கள். எங்கட தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அதுக்காகக் காத்திருந்தால் பிந்திவிடும். முகம் கழுவினதும் இழுத்துப் பிடிப்பது, வழமையாகப் பூசுகிற கிறீமே சுள்ளென்று எரிவது, எண்ணெய் இல்லாமலே நெற்றி மினுங்குவது, இவைதான் அடையாளம். உடனே எல்லாவற்றையும் நிறுத்துங்கோ. மென்மையான பேஸ்வோஷ், மணமில்லாத ஈரப்பதக் கிறீம், பகலில் சன்ஸ்கிறீன், துவாயால் துடைக்காமல் ஒத்தி எடுப்பது, இவ்வளவும் போதும். தேற சில கிழமை பிடிக்கும். அதுக்குப் பிறகும் கறுத்த அடையாளம் கிடந்தால் அதையும் உரஞ்சி எடுக்கப் பார்க்காமல் பெரிய அரச ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போங்கோ, காசு இல்லை.