அமெரிக்க மாடு என்ன தின்றது?

2025 ஜூலையில் இந்தியா–அமெரிக்கா வர்த்தகப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது ‘அசைவப் பால்’ என்றொரு சொல் நம் டிவிகளில் புழங்க ஆரம்பித்தது. அங்கே மாட்டுக்கு ரத்தத்தூள் கலந்த தீவனம் போடுகிறார்களாம், அந்தப் பால் நம் பூஜையறைக்குள் வந்துவிடக் கூடாதாம். வாரம் மூன்று நாள் பீஃப் சாப்பிடுகிற என் நண்பன்கூட, “மாட்டுக்கே மாட்டைப் போடுறாங்க மச்சி, கேக்கவே குமட்டுது” என்றான். எனக்கும் குமட்டியதுதான். ஆனால் குமட்டலை வைத்து எதையும் பரிசோதிக்க முடியாது.

நம் விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். பால் பொருள் எதுவும் இந்தியாவுக்குள் வர வேண்டுமென்றால், ஏற்றுமதி செய்கிற நாடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அசைபோடும் விலங்குகளின் உள்ளுறுப்பு, ரத்தம், திசு ஆகியவற்றிலிருந்து செய்த தீவனத்தை இந்தப் பால் கொடுத்த மாடுகள் ஒருபோதும் தின்றதில்லை என்று அதில் இருக்க வேண்டும். 2003இல் இருந்து அமெரிக்காவோடு இதற்காகத்தான் இழுபறி. அந்த ‘ஒருபோதும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதை எந்த ஆய்வகமும் சரிபார்க்க முடியாது. துறைமுகத்தில் பால் பவுடரை எடுத்து டிஎன்ஏ பார்த்தால் மாட்டு டிஎன்ஏ இருக்கும். மாட்டுப் பாலில் வேறு என்ன இருக்கும்? மாடு தின்ற ரத்தத்தூள் வயிற்றில் செரித்து, அமினோ அமிலமாக உடைந்து, மடியில் புதிதாகப் புரதமாகிறது. புல் தின்றாலும் அதே கேசின்தான். தீவன மூட்டையைச் சோதிக்கலாம், அதற்கு நுண்ணோக்கி இருக்கிறது, பிசிஆர் இருக்கிறது, ஐரோப்பாவில் அதைச் செய்கிறார்கள். ஆனால் கப்பலில் தீவன மூட்டையா வருகிறது? ஆக, அந்த விஷயத்தில் தனிமைப்படுத்தல் அதிகாரி பாலைச் சோதிப்பதில்லை, காகிதத்தைச் சோதிக்கிறார்.

இதற்கு மருத்துவக் காரணமே இல்லையா என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் இருந்ததுபோலத் தோன்றியது. 1986இல் பிரிட்டனில் பைத்திய மாட்டு நோய் கண்டறியப்பட்டது. மாட்டின் மிச்சத்தை அரைத்து மாட்டுக்கே போட்டதால் பரவிய நோய் அது. 1988இல் அந்தத் தீவனத்தை அங்கே தடை செய்தார்கள். மனிதருக்கும் அது வந்திருக்கலாம் என்பதை 1996இல்தான் அரசு வாய்விட்டுச் சொன்னது. அது உண்மையான பேரழிவு, அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் அந்த நோய் தங்குவது மூளையிலும் தண்டுவடத்திலும். அந்த நோய் இருக்கிற நாட்டிலிருந்துகூடப் பாலை வாங்கலாம் என்பதுதான் உலக விலங்கு நல அமைப்பின் நிலைப்பாடு. இது தெரிந்ததால்தான் நம் அரசும் நோயைவிட அதிகமாக மத, கலாச்சார உணர்வைப் பேசுகிறது. ஒளிவுமறைவு இல்லை, அந்த மட்டில் பாராட்டலாம்.

இப்போது நம்ம ஊர்ப் பாலுக்கு வருவோம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டது. எல்லாரும் பயந்த கலப்படம் 12 மாதிரியில்தான். அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சோ 368 மாதிரிகளில் வரம்பைத் தாண்டியிருந்தது. மாநிலங்களில் முன்னால் நின்றது தமிழ்நாடு, 551இல் 88. கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புள்ள நச்சு இது. கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பருத்திக்கொட்டையிலும் பூஞ்சை பிடித்தால் வருவது, மாடு தின்ற ஓரிரு நாளில் பாலில் இறங்கிவிடும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. தீவனம் வழியாகத்தான் வருகிறது, தீவனத்துக்கு இங்கே ஒழுங்குமுறை இல்லை என்று ஆணையமே அப்போது சொன்னது.

அதாவது, மாடு தின்றது பாலில் வரும் என்ற அந்தப் பயம் முழுக்கப் பொய் கிடையாது. வருவது ரத்தத்தூள் அல்ல, பூஞ்சை. தேடவே முடியாததை அமெரிக்காக்காரனிடம் கையெழுத்து வாங்கித் தேடுகிறோம். ஒரு சின்ன பரிசோதனைப் பட்டையில் தெரிந்துவிடக்கூடியதை நம் ஊரில் யாரும் தேடவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு மாடு இருந்தது. நான் தினமும் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவேன். லாக்டோமீட்டரை விடுவார்கள், கொழுப்பு பார்ப்பார்கள், தண்ணி கலந்திருக்கா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். மாட்டுக்கு என்னடா போட்டீங்க என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எட்டுக் கோடிக் குடும்பங்கள் பாலை நம்பி இருக்கிறார்கள், மானியத்தில் கொழுத்த அமெரிக்கப் பால் வந்தால் நொறுங்கிப்போவார்கள், அதற்குத்தான் இந்தச் சுவர் என்று யாராவது சொன்னால், நான் அவர்கள் பக்கம். சுவர் வேண்டும். பால் பவுடருக்கு 60 சதவீத வரி இருக்கிறதே, தேவைப்பட்டால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுங்கள். எதற்குத் தீட்டை இழுக்கிறீர்கள்? இறைச்சி தொட்டது அசுத்தம் என்பதை நாட்டின் சுகாதார விதியாக எழுதிவைத்தால், அது துறைமுகத்தோடு நிற்காது. சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது ‘வெஜிடேரியன் ஒன்லி’ என்று சொல்லி ஐந்து வீட்டில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் கேட்டதும் அதே சான்றிதழ்தான். ஒருபோதும் தின்றதில்லை என்று நான் எழுதித் தர வேண்டும். இவ்வளவுக்கும் எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நிற்பது நாம்தான். பால் வற்றிய எருமை வேறு எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்?

சீஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் ஆகாது, நுண்ணுயிரில் வளர்த்தது ஆகும். ஆனால் 1990இல் அமெரிக்கா அனுமதித்த அந்த நுண்ணுயிர் நொதி, கன்றின் மரபணுவை வைத்துச் செய்ததுதான். இரண்டும் ஒரே புரதம், ஒன்று அசைவம், இன்னொன்று சைவம்.

போன வாரம் அம்மாவிடம் போனில் அந்த அஃப்ளாடாக்சின் கணக்கைச் சொன்னேன். மழைக்காலத்தில் பச்சையாகப் பூத்த புண்ணாக்கை அம்மா சுரண்டிவிட்டு, வெயிலில் காயவைத்து, ஊறப்போட்டு வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படிச் செய்தாலும் நச்சு போகாதும்மா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“நீயும் அந்தப் பாலைத்தானே கண்ணு குடிச்ச,” என்றார். அப்புறம், “நனைஞ்ச மூட்டையைக் கடைக்காரன் திருப்பி வாங்கிக்குவானா? கீழ கொட்டிட்டு மாட்டுக்கு என்னத்தப் போடுறது?” என்றார்.