வேர்விட்ட ருசிகள்



கோடை விடுமுறை வந்துவிட்டது. ரயில் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டதா என்று பல வீடுகளில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இந்த இதழைப் பயணச் சிறப்பிதழாகக் கொண்டுவரலாம் என்று ஆசிரியர் குழு முடிவெடுத்ததும், ஊர் ஊராகச் சாப்பிட்ட பண்டங்களும் அவற்றைப் பரிமாறிய கைகளும்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தன. புது ஊருக்குப் போனால் "இங்கே என்ன விசேஷம்?" என்று கேட்பது நம் வழக்கம். நான் கூடவே இன்னொன்றும் கேட்பேன்: "இது இந்த ஊருக்கு எப்படி வந்தது?" அப்படிக் கேட்ட இடங்களிலெல்லாம் நல்ல பேச்சும் நல்ல மனிதர்களும் கிடைத்திருக்கிறார்கள்.

தூத்துக்குடியில் ஒரு பேக்கரியின் பின்கட்டில் மக்ரூன் செய்வதை நின்று பார்த்திருக்கிறேன். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரை சேர்த்து அடிக்க அடிக்க, அது பஞ்சுப்பொதிபோல் எழும்பி நிற்கிறது. பொடித்த முந்திரியை அதில் நுரை அடங்காமல் கலக்கிறார்கள். காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டில் வரிசையாகப் பிழிகிறார் ஒருவர். ஒவ்வொன்றின் உச்சியிலும் சின்னதாக ஒரு கூர் நிற்கும்படி கையைச் சுண்டி எடுக்கிறார். பிறகு விறகு அடுப்பின் மிதமான சூட்டில் மணிக்கணக்கில் காய வேண்டும். "கடல் காத்து பட்டா நமுத்துப்போயிரும் சார், டப்பாவை உடனே மூடிருங்க" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துகீசியர் வழியாக வந்த பண்டம் இது என்பது ஊரார் சொல்வது. ஐரோப்பாவில் பாதாம் சேர்ப்பார்கள். இங்கே முந்திரி. அந்த முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கப்பலேற்றி வந்ததுதான்.

பக்கத்தில் திருநெல்வேலி. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, சாயங்காலம் இருட்டுக்கடை திறக்கும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். சுடச்சுட நூறு கிராம் அல்வா வாங்கி, அங்கேயே நின்று சாப்பிடுகிறவர்கள் பாதிப்பேர். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறும் இந்தப் பக்குவத்தை ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பத்தார் கொண்டுவந்தார்கள். தாமிரபரணித் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்று நெல்லைக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். வந்த கைக்கும் இருந்த தண்ணீருக்கும் பொருந்திப்போன ருசி அது.

கொல்கத்தாவில் பிரியாணி தட்டில் இறைச்சியோடு ஒரு முழு உருளைக்கிழங்கும் வரும். 1856இல் அவத் ராஜ்ஜியத்தை ஆங்கிலேயர் பறித்துக்கொண்டதும், நவாப் வாஜித் அலி ஷா அங்கே மெட்டியாபுருஸில் வந்து தங்கினார். அவரோடு லக்னோ சமையல்காரர்களும் வந்தார்கள். கறிச்செலவைக் குறைக்க உருளை சேர்ந்தது என்பார் சிலர். அன்று உருளை புதுப்பண்டம் என்பதால் ஆசையாகச் சேர்த்தார்கள் என்பார் சிலர். என் மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் இந்த வழக்கில் தலையிடவில்லை. "கிழங்கைக் கடைசிக்கு வையுங்கள், கறிச்சாறெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது" என்றார். முன்பின் தெரியாத ஒருவர் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதில் அவருக்கு அத்தனை அக்கறை.

பினாங்கில் கதை திரும்பிக்கொள்கிறது. அங்கே வந்தவர்கள் நாம். தோளில் காவடித்தடி, ஒரு பக்கம் சோறு, மறு பக்கம் குழம்புச் சட்டிகள் என்று சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவுதான் நாசி கண்டார். ஜார்ஜ் டவுன் கடையில் எனக்குச் சோறு போட்ட தம்பி, "எல்லாக் குழம்பும் கலந்துதானேண்ணே?" என்று கேட்டுக்கொண்டே மீன், கோழி, ஆட்டுக்கறிக் குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினார். எனக்குப் பின்னால் மலாய்க் குடும்பம் ஒன்று, அதற்கும் பின்னால் சீன மாணவர்கள். இது எங்கள் ஊர்ச் சாப்பாடு என்று சொல்லும் உரிமை அந்த வரிசையில் நின்ற எல்லோருக்கும் இருந்தது.

ஓர் ஊர் மார்தட்டிச் சொல்லும் பண்டத்தில் வெளியூர்க்காரர் கை பெரும்பாலும் இருக்கிறது. கொண்டுவந்தவர் ஒருவர். "உட்கார், செய்து காட்டு" என்று இடம் கொடுத்தவர் இன்னொருவர். இரண்டாமவர் இல்லாவிட்டால் முதலாமவரின் ருசி அவரோடே போயிருக்கும்.

இன்று திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளிகள் அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள். நம் தெருமுனைத் தள்ளுவண்டிகளில் அவர்கள் கைப்பக்குவமும் விற்பனைக்கு வருகிறது. அவர்களைப் பெயர் கேட்டு, ஊர் கேட்டு, மரியாதையாகப் பேசுவோம். பினாங்கிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் நம்மவர்களுக்குக் கிடைத்த இடத்தை, நாமும் நம் ஊரில் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்தக் கோடையில் நீங்கள் சாப்பிட்ட ஒரு பண்டத்தையும் அது அந்த ஊருக்கு வந்த கதையையும் எங்களுக்கு எழுதுங்கள். செய்துகொடுத்தவரிடமே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. தேர்ந்தெடுத்தவற்றை அடுத்த இதழில் மகிழ்ச்சியோடு வெளியிடுகிறோம்.

பயணம் இனிதாகட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்