கூச்சமுள்ள கிழப்பூனைக்கும் ஒரு வீடு உண்டு



வழமையாக இந்தப் பக்கத்தில் வீட்டுத்தோட்டம், சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று எழுதுவேன். இம்முறை ஒரு பூனையைப் பற்றி எழுதுகிறேன். "மனுசருக்கே வழியில்லை, இதில பூனையோ?" என்று கேட்காமல் கடைசிவரை வாசியுங்கள்.

நெளுக்குளத்தில் எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருந்தார். வீதியில் விடப்பட்ட பூனைகளைத் தூக்கி வந்து, பின்விறாந்தையைக் கம்பிவலையால் அடைத்து வளர்த்தார். எங்களுக்குத் தெரிந்த பூனைக் காப்பகம் அதுதான். முழங்கால் நோய் முற்றியதால் அவர் மட்டக்களப்பில் உள்ள மகளிடம் போகவேண்டி வந்தது. பூனைகளுக்கு இடம் தேடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

குட்டிகள் இரண்டு கிழமைக்குள் போய்விட்டன. மிஞ்சியது கறுவல். 12 வயதுக் கடுவன். பூனைக்கு 10 வயது கடந்தாலே முதுமைதான். பல்லில் பாதி இல்லை. அதிகம் தண்ணீர் குடிக்கும், உடம்போ மெலிந்துகொண்டு போனது. மிருக வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, சிறுநீரகம் பழுதடைந்து வருகிறது, குணமாக்க முடியாது, ஆனால் கவனமாகப் பார்த்தால் இன்னும் சில காலம் நன்றாக இருக்கும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக அது பயந்த பூனை. ஆள் வந்தால் அலுமாரிக்குப் பின்னால் போய்விடும்.

பார்க்க வந்தவர்களுக்கு அதன் வால் மட்டுமே தெரிந்தது. "கிழடு, எலியும் பிடிக்காது" என்றார் ஒருவர். "சாக்கில போட்டு மீன்சந்தையில விடுங்கோ அக்கா, தின்று பிழைக்கும்" என்றார் இன்னொருவர். துணிந்த பூனை ஒருவேளை சந்தையில் பிழைக்கும். பல்லில்லாத, சத்தத்துக்கு நடுங்கும் பூனை நாய்களுக்கு நடுவே எத்தனை நாள் உயிரோடு இருக்கும்?

ரீச்சரின் பயணத்துக்கு எட்டு நாள் இருந்தது. வருத்தத்தைச் சொல்லாமல் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று ஒரு தங்கை யோசனை சொன்னாள். நான் சம்மதிக்கவில்லை. கலியாணப் பேச்சில் வருத்தத்தை மறைத்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பூனையும் அப்படித்தான், மூன்றாம் நாள் திரும்பி வரும், அல்லது வீதிக்குப் போகும். ஆகவே வயது, நோய், பயம், மருந்துச் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். பிறகு அன்பான வீட்டைத் தேடுவதை விட்டு, அமைதியான வீட்டைத் தேடினேன். பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடு நல்ல வீடுதான், கறுவலுக்கு அது சரிவராது.

பக்கத்துக் குறிச்சியில் பனையோலைப் பெட்டி இழைக்கும் அக்கா ஒருவர் தனியாக இருக்கிறார். 2009 தை மாதம் விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டபோது தன் பூனையைத் தேடியும் காணாமல் வந்தவர். கறுவலைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"சத்தத்துக்குப் பயப்படுமோ?"

"ஓம் அக்கா."

"அப்ப என்னட்ட வரட்டும். என்ர வீட்டில சத்தம் இல்லை."

நம்மில் பலர் இடம்பெயர்ந்தபோது மாடுகளை அவிழ்த்துவிட்டு, நாய்பூனைகளைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து நடந்தோம். இந்தத் துயரம் நமக்கு மட்டும் உரியதல்ல. சிரியாவில் அலெப்போ நகரை விட்டு ஓடியவர்கள் கைவிட்ட பூனைகளை முகமது அலா அல்ஜலீல் என்ற அம்புலன்ஸ் சாரதி பராமரித்தார். அவருடைய சரணாலயம் 2016இல் குண்டுவீச்சில் அழிந்தது. பின்னர் வேறிடத்தில் மீண்டும் அமைத்தார். மனிதரைக் காப்பாற்றிய அதே கைதான் பூனைக்கும் சோறு வைத்தது. இரக்கம் பங்கிட்டால் குறைகிற பொருள் அல்ல.

கறுவலைக் குடியேற்றியபோது செய்தவற்றை உங்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

1. பூனைக்குப் பழைய இடத்தைத் தேடி ஓடும் குணம் உண்டு. ஆகவே முதல் சில கிழமைகள் ஒரே அறைக்குள் வைத்திருந்தோம். பழைய சாக்கையும் கூடவே கொடுத்தோம். தன் மணம் இருந்தால் பயம் குறையும்.

2. ஒளிய ஒரு காட்போட் பெட்டி வைத்தோம். இழுத்து எடுக்கவில்லை. அக்கா அருகில் இருந்து ஓலை இழைத்தார், அவ்வளவுதான். உற்றுப் பார்க்காமல் கண்களை மெல்ல மூடித் திறந்தால் பூனை நெருங்கி வரும் என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020இல் காட்டியது.

3. தண்ணீரை இரண்டு மூன்று இடங்களில் வைத்தோம். உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த மீனைத் தண்ணீரோடு பிசைந்து கொடுத்தோம். பால் பல பூனைகளுக்கு வயிற்றோட்டம் தரும்.

4. பனடோல் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரு குளிசையே பூனையைக் கொல்லும். நாய்க்குப் பூசும் சில உண்ணி மருந்துகளும் அப்படித்தான். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டாலோ, கடுவன் சிறுநீர் கழிக்க முக்கினாலோ உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

5. விசர்நோய்த் தடுப்பூசி பூனைக்கும் தேவை. கடித்தால், பிறாண்டினால் 15 நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கர்ப்பிணித் தாய்மார் பூனையின் மலத்தை அள்ளவேண்டாம். வேறொருவர் தினமும் அகற்றட்டும்.

இன்னுமொன்று. கொடுத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று இருக்கக்கூடாது. "ஏலாமல் போனால் வீதியில விடாதேங்கோ, என்னட்டத் தாங்கோ" என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன். மருந்துச் செலவில் பாதியை ரீச்சரின் மகள் அனுப்புகிறார். அக்கா வைத்தியசாலைக்குப் போகும் நாளில் சாப்பாடு வைப்பது என் வேலை.

பதினொரு நாள் கறுவல் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பன்னிரண்டாம் நாள் இரவு வெளியே வந்து ஓலைக் கட்டின்மேல் படுத்ததாம். இப்போதும் அது மடியில் ஏறுவதில்லை. அக்காவும் தூக்குவதில்லை. ஒரே அறையில் இருவரும் தத்தம் பாட்டில் இருக்கிறார்கள். விடியப்புறம் அது வந்து கத்தினால்தான் தனக்கு எழும்ப மனம் வருகிறது என்கிறார் அக்கா.

உங்கள் அயலிலும் யாரும் கேட்காத ஒரு கிழப்பூனை இருக்கலாம். யாரும் எட்டிப்பார்க்காத ஒரு வீடும் இருக்கலாம். இரண்டையும் பற்றி ஒருமுறை யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே.