நத் வழிபாடும் பதிவழிபாடும்

மியன்மா என இக்காலத்து வழங்கும் பர்மா நாட்டார் தாம் வழிபடும் ஆவிகளை 'நத்' என்பர். அச்சொல் 'நாதன்' என்பதன் திரிபென்றும், ஆகவே நத்விழாவும் சிவபிரான் விழாவே யென்றும் நண்பர் சிலர் கூறாநிற்பர். திரிபாயின் ஆகுக, பெயரொற்றுமை பொருளொற்றுமை ஆமோ? ஈசுவரன் என்று பெயரிட்டமையால் ஒருவன் ஐந்தொழில் இயற்றுவானோ?

மாந்தலை நகர்க்கு வடக்கே தௌங்பியோன் என்னும் ஊரில், ஆகஸ்டு மாதத்தை ஒட்டி நிகழும் அவ்விழாவை யாம் நேரிற் கண்டேம். வட்டமாய் நிறுத்திய பறைகள் அதிர, நத்தின் மனைவியர் எனப்படும் ஆவேசக்காரர் அவ்வந் நத்துக்கேற்ப உடைமாற்றி ஆடுகின்றனர். குடியன் நத் வந்துழி மதுவும் உடன்வருகின்றது. ஆங்குறையும் தெய்வங்கள் யாவர்? அனோரதா மன்னன் (1044–1077) தான் எடுத்த பகோடாவிற்குச் செங்கல் வையாத குற்றத்திற்காகக் கொல்வித்த உடன்பிறந்தார் இருவர் என்பது அந்நாட்டு மரபுரை. அவர் வையாதொழிந்த இடம் இன்றும் வெறுமையாகக் காட்டப்படுகின்றது. கொன்ற அரசனே அவ்வூரையும் அவர்க்கு உரிமையாக்கினானாம்!

போப்பா மலையின் மகாகிரி நத்தோ தகௌங் நகரத்துக் கொல்லன். அரசன் அவனைச் சண்பகமரத்திற் பிணித்து எரிப்பித்தான். உடன்பிறந்தாளும் அத்தீயிற் பாய்ந்தாள். அவன்பொருட்டே பர்மியர் இல்லங்களிற் செந்துணி சூடிய தேங்காய் தொங்குகின்றது. அதன் நீர் அவன் தீப்புண்ணை ஆற்றுமென்ப. இஃதொன்றே அமையும். தன் புண்ணுக்கு அடியான் இடுந் தேங்காயை எதிர்நோக்குவான், அவ்வடியானது மலப்பிணியை அறுப்பது யாங்ஙனம்? அவன் இரங்கத்தக்கான், பதியாகான்.

இதனாற் பர்மியரை இகழ்ந்தேம் அல்லேம். கொடுங்கோலாற் கொலையுண்டாரை மறவாத நெஞ்சம் நன்னெஞ்சமே. அவர்தாமும் நத்தை முழுமுதலாகக் கொண்டிலர்; 37 நத்துக்களுக்கும் இந்திரனையே தலைவனாக வைத்துளர். எம் வழக்கு சித்தாந்தங் கற்றும் மயங்குவாரோடேயாம்.

எத்தெய்வத்தை வழிபடினும் சிவபிரானே ஆங்கு வந்து பயன்தருவன் என்று சிவஞான சித்தியார் கூறிற்றன்றோ எனின், கூறிற்று. காரணமும் உடன் கூறிற்று. பிறப்பும் இறப்பும் துயரும் உடைய அத்தெய்வங்கள் தாமே பயன்தர வல்லனவல்ல என்பதே அது. முற்பாதியைக் கைக்கொண்டு பிற்பாதியை மறைத்தல் வழக்கறிவார் செயலன்று.

ஆவேசமும் அருளே என்பது அவர்தம் அடுத்த கூற்று. ஆவேசத்தில் ஆன்ம அறிவு மழுங்க, பிறிதோர் உயிர் உடலை ஆள்கின்றது. ஆட்டம் ஓய்ந்தபின் ஆணவம் முன்னிருந்தபடியே. அருளிலோ ஆன்ம அறிவு விளக்கமுறும். ஞானியரைப் பேய்பிடித்தார்க்கு ஒப்பிடும் நூல்வழக்கை எடுத்துக்காட்டுவரேல், அவ்வுவமை தற்செயலின்மை பற்றிய ஒருபுடை ஒப்புமை மாத்திரையே.

இனி, நத்தைக் கண்டு நகைக்குஞ் சைவரும் உளர். அவர் தம் ஊரெல்லையில் மதுரைவீரன் பீடத்தின்முன் சாராயம் படைப்பது எவ்வாகம விதிபற்றியோ? அவனும் அரசனாணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்தானென்றே கதை. மகாகிரிக்கு ஒரு நீதி, மதுரைவீரனுக்கு ஒரு நீதியோ? இருதிறத்து நண்பரும் விடை கூறுக.