பளிச் பற்களும் பதிவு எண்ணும்

கல்யாணத் தேதி குறித்ததுமே பல் கிளினிக்கைத் தேடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ‘ஒரே நாளில் புதுச் சிரிப்பு’ என்னும் விளம்பரம் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. பல்லின் முன்பக்கத்தில் வெனீர் என்னும் மெல்லிய தகட்டை ஒட்டுவதற்குப் பெரும்பாலும் எனாமலை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவ வேண்டும். சீவிய எனாமல் மறுபடி வளராது.

பல்லை வெளுக்கவைக்கும் ப்ளீச்சிங்கில் அந்த இழப்பு இல்லை. ஆனால் சில நாள் பல் கூசலாம். ஏற்கெனவே போட்ட செராமிக் கேப் வெளுக்காது. தருமபுரிப் பக்கம் ஃப்ளோரைடு தண்ணீரால் பல்லில் ஏறிய பழுப்புக் கறைக்கு வெறும் ப்ளீச்சிங் பெரும்பாலும் போதாது.

எந்தச் சிகிச்சையானாலும், செய்பவர் தகுதியுள்ளவரா என்று பார்க்க வேண்டும். அதற்கான பல் மருத்துவர் பதிவேடு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்தது. நாற்காலியில் சாயும் முன் பதிவு எண்ணையும், மருத்துவர் செய்த சிகிச்சைகளின் முன்-பின் படங்களையும் கேட்பது நோயாளியின் உரிமை. கட்டணத்தையும் மாற்று வழிகளையும் கிளினிக்குகள் எழுத்தில் தருவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.