ஆவணத்தில் இல்லாத தாய்

வரலாற்று நாவல் எழுத விரும்புவோர் பலர், முதலில் தம் குடும்பத்துப் பெரியவர்கள் சொன்ன கதைகளையே நாடுகின்றனர். அக்கதைகளைச் சரிபார்க்காமல் அப்படியே எழுதிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. அமெரிக்காவில் வாழும் ஆமிஷ் மக்களின் வரலாற்றில் இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது.

1693ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் யாக்கோப் அம்மன் என்பவரின் தலைமையில் உருவான கிறிஸ்துவப் பிரிவினரே ஆமிஷ் மக்கள். எதிரியையும் தாக்கக்கூடாது என்பது அவர்களுடைய கொள்கை. ஐரோப்பாவில் சமயத்தின் பெயரால் துன்பப்பட்ட அவர்கள், 18ஆம் நூற்றாண்டில் கப்பலேறிப் பென்சில்வேனியாவில் குடியேறினர். இன்றும் குதிரைவண்டியில் செல்லும் இம்மக்கள், நிழற்படத்திற்கு நிற்பதைத் தவிர்க்கின்றனர். எனவே, அவர்களின் குடும்ப வரலாற்றைத் தேடுபவர் கப்பல் பட்டியல்கள், நிலப் பத்திரங்கள், வீட்டு பைபிளில் எழுதிவைத்த பிறப்பு இறப்புக் குறிப்புகள் ஆகியவற்றையே நம்ப வேண்டியுள்ளது. அதிலும் சிக்கல் உண்டு. ஒரே பெயர் பலருக்கு இருக்கும். எழுத்தர்களோ காதில் விழுந்தபடி பெயர்களை எழுதிவைத்தனர். ஹோக்ஸ்டெட்லர் என்ற குடும்பப் பெயர் ஹோஸ்டெட்லர் என்றும் மாறியிருக்கிறது!

அந்தக் குடும்பத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1757 செப்டம்பரில், பிரிட்டனும் பிரான்சும் போரிட்டுக்கொண்டிருந்தன. நார்த்கில் ஓடைக்கு அருகே இருந்த யாக்கோப் ஹோக்ஸ்டெட்லரின் வீட்டைப் பிரெஞ்சுக்காரர்களுடன் சேர்ந்திருந்த பழங்குடி வீரர்கள் இரவில் சூழ்ந்தனர். மகன்கள் வேட்டைத் துப்பாக்கிகளை எடுத்தபோது தந்தை சுடவிடவில்லை. வீடு எரிந்தது. தாயும் ஒரு மகனும் ஒரு மகளும் கொல்லப்பட்டனர். யாக்கோப்பும் ஜோசப், கிறிஸ்டியன் என்னும் இரு மகன்களும் சிறைபிடிக்கப்பட்டனர்.

இதுவரை சிக்கல் இல்லை. ஆனால், குடும்பத்தில் வழிவழியாக வந்த கதை இன்னொன்றையும் சொல்கிறது: முன்பு ஒருமுறை உணவு கேட்டு வந்த பழங்குடியினரை அந்தத் தாய் விரட்டிவிட்டாராம்; அதற்குத்தான் இந்தப் பழியாம்! நாவலாசிரியருக்கு இது இனிப்பான செய்திதான். காரணமும் கிடைக்கிறது, காட்சியும் கிடைக்கிறது. ஆயினும், இறந்த பெண் தன் தரப்பைச் சொல்ல வரமாட்டார். அன்றைய கப்பல் பட்டியல்களில் பெரும்பாலும் 16 வயதைக் கடந்த ஆண்களின் பெயர்களே உள்ளன. அவருடைய பெயரைக்கூட உறுதியாகக் காட்டும் ஆவணம் இல்லை. பெயரை மறந்த குடும்பம், குற்றத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தாக்க வந்தவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1737இல், ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம்வரை உள்ள நிலம் தமக்கே உரியது எனப் பென்சில்வேனியாவை ஆண்ட பென் குடும்பத்தார் கூறினர். பிறகு, வேகமாகச் செல்லக்கூடியவர்களைக் கூலிக்கு அமர்த்தி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவைக் கடக்கவைத்தனர். டெலவேர் பழங்குடியினர் ஏமாந்தனர். குடும்பக் கதையை மட்டும் கேட்டு எழுதுபவருக்கு இது தெரியவே வராது.

அதற்காகக் கற்பனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அக்குடும்பத்தின் வழித்தோன்றலான எர்வின் ஸ்டட்ஸ்மன், 2013இல் யாக்கோப்பைப் பற்றி நாவலே எழுதினார். எரியும் வீட்டுக்குள் தந்தையும் மகன்களும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. எழுத்தாளர்தான் சொல்ல வேண்டும். அதே வேளையில், சிறையிலிருந்து தப்பிவந்த யாக்கோப், 1762இல் தம் மகன்களை மீட்டுத் தருமாறு ஆளுநருக்கு அனுப்பிய மனு இன்றும் இருக்கிறது. துப்பாக்கியைத் தொட மறுத்தவர், அரசாங்கத்தின் உதவியை நாடினார். வாய்மொழிக் கதையில் வரும் அசையாத மனிதரைவிட, இந்த மனுவில் தெரியும் தந்தையே என் மனத்தைத் தொடுகிறார்.

நான் இந்த நாவலை எழுதினால், அந்தத் தாய்க்கு ஒரு பெயர் வைப்பேன். அது நான் வைத்த பெயர் என்பதை நூலின் பின்குறிப்பில் தெளிவாக எழுதுவேன். உணவு கேட்டு வந்தவர்களின் கதையை, அண்டை வீட்டார் பிற்காலத்தில் பேசிக்கொள்ளும் ஒரு வதந்தியாக மட்டுமே சேர்ப்பேன்.