ஜீன் என்பது தலையெழுத்து அல்ல



நமது லயங்களில் இப்போது ஒரு புதுப் பேச்சு அடிபடுகிறது. யாருக்காவது வாய்ப்புற்று என்று தெரிந்தால், "அது அவங்க ஜீன்லேயே இருக்குதாம், நாம என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். அந்தக் காலத்தில் தலையெழுத்து என்றார்கள். இப்போது அதையே ஜீன் என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இது ஆபத்தான பேச்சு என்பது என் கருத்து. இப்படி நினைக்கிறவர் வெற்றிலைப் பையையும் விடமாட்டார், வாயைக் காட்ட கிளினிக்குக்கும் வரமாட்டார்.

ஜீன் என்றால் என்ன? நம் உடம்பு சுமார் 30 லட்சம் கோடி செல்களால் ஆனது. பொதுவாக ஒரு செல்லுக்குள் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 20,000 ஜீன்கள் உள்ளன. எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் கட்டளைகள் இவை. செல் எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதும் இவற்றில் அடக்கம். இந்தக் கட்டுப்பாட்டை ஈஸ்டிலும் கடல் உயிர்களிலும் ஆராய்ந்து கண்ட ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் என்ற மூவருக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பழக்குலை ஏற்றும் லோரியை நினைத்துக்கொள்ளுங்கள். சில ஜீன்கள் எண்ணெயை மிதிக்கிற மாதிரி: "பிரி, வளர்" என்று சொல்லும். சில ஜீன்கள் பிரேக்: "நில்" என்று சொல்லும். இன்னும் சில, பட்டறைக்காரன் மாதிரி பழுது பார்க்கும். பிரேக் ஜீன்களில் முக்கியமானது 1979-ல் கண்டுபிடிக்கப்பட்ட பி53. செல்லின் கட்டளை நூலில் காயம் பட்டால், இது செல்லைப் பிரிய விடாமல் நிறுத்திப் பழுது பார்க்க வைக்கும். பழுது தீராவிட்டால் அந்தச் செல்லையே சாக வைக்கும். இந்தப் பிரேக்கும் கெட்டு, எண்ணெய் மிதியும் அழுந்தியபடியே நின்றுபோனால், செல் கணக்கில்லாமல் பிரியும். அதுதான் புற்று.

அப்படியானால் ஜீனில்தானே கோளாறு, பரம்பரைதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் குழப்பம். ஜீனில் கோளாறு வருவது வேறு, அந்தக் கோளாறோடு பிறப்பது வேறு. பிறவியிலேயே பிரேக் ஜீன் கெட்டு வருகிறவர்களும் உண்டு. குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு வகைப் புற்று அதற்கு உதாரணம். ஆனால் மொத்தப் புற்றுநோயில் அப்படிப் பரம்பரையாக வருவது 100-க்கு 5 முதல் 10 வரைதான். மற்றதெல்லாம் பெரும்பாலும் நாம் வாழும்போதே, நம் செல்களில் ஏற்படுகிற சேதம்.

பாக்கு, சுண்ணாம்பு, புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்தால் என்ன நடக்கிறது? பாக்குத் தூளும் சுண்ணாம்பும் கன்னத்தின் உள்தோலைப் புண்ணாக்கும். புண்ணை ஆற்ற செல்கள் மறுபடி மறுபடி பிரிய வேண்டும். அந்த நேரம் பார்த்து பாக்கிலும் புகையிலையிலும் உள்ள நச்சு, ஜீன்களைக் காயப்படுத்தும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் கூறியிருக்கிறது. கூடவே சுருட்டும் சம்சுவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடையே அதிகமாக இருப்பதற்கு இந்தப் பழக்கமே முக்கியக் காரணம். இதற்கு நம் இரத்தத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

"எங்க பாட்டி 80 வயசு வரைக்கும் போட்டாங்க, ஒண்ணும் ஆகலையே?" என்பார்கள். உண்மைதான், போடுகிற எல்லாருக்கும் வருவதில்லை. எந்தக் காயம் எந்த ஜீனில் விழும் என்பது அதிர்ஷ்டம். ஆனால் ஒவ்வொரு முறை போடும்போதும் ஒரு காயத்துக்கு இடம் கொடுக்கிறோம். ஒரே ஒரு ஜீன் கெட்டால் பொதுவாகப் புற்று வராது. பல ஜீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட வேண்டும், அதற்கு வருஷக்கணக்காகும். அந்த வருஷங்கள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். பழக்கத்தை விட்டால் ஆபத்து படிப்படியாகக் குறையும்.

வெற்றிலை போடும் பெரியவர்களைத் திட்டுவதால் பயனில்லை. பசியை அடக்கவும், களைப்பு தெரியாமல் நிரை முடிக்கவும் பிடித்த பழக்கம் அது. திட்டினால் ஒளித்துப் போடுவார்கள், புண்ணையும் ஒளிப்பார்கள். அன்பாகச் சொல்லி, வாயைப் பார்க்க வைப்பதே வழி.

மாதம் ஒரு முறை டார்ச்லைட்டும் கண்ணாடியும் வைத்து உதடு, கன்னத்தின் உள்பக்கம், ஈறு, நாக்கின் அடி எல்லாவற்றையும் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்காமை, கழுத்தில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் உடனே வாருங்கள். வலிக்கவில்லையே என்று இருக்காதீர்கள், ஆரம்பத்தில் இது பெரும்பாலும் வலிக்காது. முன்கூட்டிக் கண்டால் சிறிய ஆப்பரேஷனோடு குணமாகும் வாய்ப்பு அதிகம். முற்றிய பின் வந்தால் தாடையையே எடுக்க வேண்டிவரலாம்.

சங்கக் கிளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஒரு நாளாவது அரசாங்கப் பல் மருத்துவரைத் தோட்டத்துக்கு அழையுங்கள். அன்றைக்கு வாய் காட்ட வருகிறவருக்குச் சம்பளம் வெட்டக் கூடாது என்று நிர்வாகத்திடம் பேசுங்கள். ஒரு நாள் கூலி போகுமே என்று பயந்துதான் பலர் வராமல் இருக்கிறார்கள். பாக்கு போடும் வெளிநாட்டுத் தோழர்களையும் விட்டுவிடாதீர்கள், அவர்கள் செல்லும் நம் செல்லும் ஒன்றுதான்.

பிறக்கும்போது பெரும்பாலோருக்கு நல்ல பிரேக்கைத்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதைத் தேயாமல் பார்த்துக்கொள்வதில் பெரும் பங்கு நம் கையில் இருக்கிறது.